கிள்ளான் பள்ளத்தாக்கின் காய்ச்சல் வரலாறு – 7: உயிரணுவுக்குள் குடியேறிய கிருமி

போன இதழில் கிள்ளான் நகரத்து மலேரியாவோடு நிறுத்தியிருந்தோம். 1901-ஆம் ஆண்டு கிள்ளானிலும் அதன் புதிய துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சலுக்கு 368 பேர் பலியானார்கள். மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவிட்டு, ஊரையொட்டிய காட்டையும் வெட்டச் செய்தபின் மறு ஆண்டே அந்தக் கணக்கு 59-ஆக இறங்கியது. வாட்சனுக்கு ஒரு வசதி இருந்தது. மலேரியாவுக்கு எது காரணம் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமேற்றினால் போதும். சிவப்பணுவுக்குள் நீல உடலும் சிவந்த உட்கருவுமாக ஒட்டுண்ணி உருப்பெருக்கியில் தெரிந்துவிடும்.

இந்த வாரம் பார்க்கப்போகும் காய்ச்சலில் அந்த வசதி கிடையாது. ரத்தத்தைத் தேய்த்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே ரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் ஊட்டக் கரைசலில் விட்டுவைத்தாலும் ஒன்றும் முளைக்காது. ஆனால் நோயாளி இரண்டாவது வாரத்தில் நினைவு தப்பிக் கிடப்பார். பலர் அப்படியே போய்விடுவார்கள்.

கதை தொடங்குவது செம்பனையில். 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் இன்னும் பல தோட்டங்கள் ரப்பரை விட்டு அதற்கு மாறின. கன்று வளர்ந்து நிழல் கட்டும்வரை வரிசைகளுக்கு நடுவே வெயில் நன்றாக விழும். வெயில் விழுந்த இடமெல்லாம் லாலான் புல் இடுப்பளவு எழும்பும். பழம் பழுத்ததும் எலிகள் படையெடுக்கும். எலியின் காது மடலில் செம்மஞ்சள் தூள் அப்பியதுபோல ஒட்டிக்கிடப்பது ஒரு சிற்றுண்ணியின் இளம்புழுக்கூட்டம். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். கூர்ந்து பார்த்தாலொழிய கண்ணில் படாது. அந்தப் புல்லுக்குள் வெறுங்காலோடு இறங்கிக் களையெடுத்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்.

இந்தச் சிற்றுண்ணி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான், அதுவும் இளம்புழுப் பருவத்தில்தான், பிற உயிரைக் கடிக்கிறது. அது ரத்தம் குடிப்பதில்லை. எச்சிலை இறக்கித் தோலின் திசுவைக் கரைத்து, அந்த நீரை உறிஞ்சுகிறது. வலிக்காது, அரிப்பதுகூட அபூர்வம். கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுவதால், எலிகளைப் பூராவும் ஒழித்தாலும் அந்த நிலம் உடனே சுத்தமாகிவிடாது. கடித்த பத்து நாள் வாக்கில் காய்ச்சல் அடிக்கும். மண்டையைப் பிளக்கும் வலி, கண் சிவப்பு, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறிகட்டு, பிறகு தோலில் தடிப்பு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுத்த பொருக்கு. இடுப்புக் கயிற்றுக்கு அடியிலும் அக்குள் மடிப்பிலும் இருப்பதால் நோயாளியே அதைப் பார்த்திருக்க மாட்டார்.

கோலாலம்பூரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900-இல் தொடங்கப்பட்டது. பல்லாண்டுகளாக ஜாலான் பகாங்கில் பொது மருத்துவமனைக்கு அருகே இருந்த அந்த நிறுவனத்தை நம்மில் பலர் பேருந்தில் கடந்துபோயிருப்போம். 1920-களில் அங்கே பணியாற்றிய வில்லியம் ஃப்ளெட்சரும் ஜே. இ. லெஸ்லரும் காய்ச்சல்காரர்களின் ரத்த நீரைச் சேர்த்துவைத்து ஒரு சோதனை செய்து வந்தார்கள். டைஃபஸ் கண்டவரின் ரத்த நீரை, அந்த நோய்க்குச் சம்பந்தமே இல்லாத புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவோடு கலந்தால் பாக்டீரியா திரண்டு கட்டியாகும். 1916-இல் ஐரோப்பாவில் வெயில், ஃபெலிக்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த உத்தி அது. ஏன் திரள்கிறது என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. திரள்கிறது என்பது மட்டும் உறுதி.

கோலாலம்பூரில் இரண்டு புரோட்டியஸ் வகைகள் கைவசம் இருந்தன. ஒன்று வார்சாவிலிருந்து கிளம்பிய பழைய வகை. மற்றொன்று கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஆனால் நகரத்துக் கடைகளில் வேலை செய்தவர்களின் ரத்த நீர் வார்சா வகையை மட்டும் திரட்டியது. தோட்டத்துப் புல்லிலிருந்து வந்தவர்களின் ரத்த நீர் கிங்ஸ்பரி வகையை மட்டும் திரட்டியது. ஒன்றென்று எண்ணியிருந்த காய்ச்சல் இரண்டாகப் பிரிந்தது: எலித்தெள்ளு பரப்பும் கடைத்தெரு டைஃபஸ், சிற்றுண்ணி பரப்பும் புதர் டைஃபஸ். கிங்ஸ்பரியின் பெயரின் முதல் எழுத்தான ‘கே’, அந்தப் பரிசோதனையின் பெயரில் இன்றும் உலகமெங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிராமப்புற இந்தியாவில் சிறிய ஆய்வுக்கூடங்கள் இப்போதும் அதைச் செய்கின்றன. கோலாலம்பூரின் அறிவியல் பங்களிப்பு என்று பட்டியல் போட்டால் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன். விலை உயர்ந்த கருவி ஏதுமின்றி, கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்துக் கவனித்துப் பெற்ற முடிவு அது.

இருந்தும் கிருமியை யாரும் கையில் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் அது வசிக்கும் இடம். ரிக்கெட்சியா என்ற குடும்பத்தைச் சேர்ந்த இந்த நுண்ணுயிர் முழுமையான ஒரு பாக்டீரியாதான். தனக்கென மரபுப்பொருள் உண்டு, சவ்வு உண்டு, புரதம் செய்யும் அமைப்பு உண்டு. ஆனாலும் உயிருள்ள பிற உயிரணுவுக்குள் இருந்தால்தான் அது பெருகும். வெளியே விட்டால் மடிந்துவிடும். ரேமண்ட் லூத்வெய்ட்டும் எஸ். ஆர். சவூரும் 1930-களில் அதை விலங்குகளின் உடலில் தலைமுறை தலைமுறையாகக் கடத்தி, உயிரோடு காப்பாற்றி வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள். 1936-இல் அவர்களது நீண்ட கட்டுரைகள் வந்தன. 1940-இல் லான்செட் இதழில், மலாயாவின் தோட்டத்துக் காய்ச்சலும் ஜப்பானில் ஆற்றங்கரை உழவர்களைக் கொன்ற ‘சுசுகாமுஷி’ நோயும் ஒன்றே என்று நிறுவினார்கள். சவூரின் பெயரை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்ததில்லை. படித்திருக்க வேண்டும்.

அந்த உயிரணுவுக்குள் என்னதான் நடக்கிறது? பின்னாளில் மின்னணு உருப்பெருக்கியும் ஒளிரும் சாயங்களும் காட்டிய காட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால்தான் 1948-இல் நடந்ததன் அருமை புரியும்.

நம் ரத்தக் குழாய்களின் உட்புறம் முழுவதும் ஒற்றை அடுக்காகத் தட்டையான உயிரணுக்கள் ஒன்றையொன்று ஒட்டிப் படிந்திருக்கின்றன. அகவணி உயிரணுக்கள் என்பார்கள். கிருமி குறிவைப்பவற்றுள் முக்கியமானவை இவை. கூடவே கிருமிகளை விழுங்கி அழிக்கும் பெருவிழுங்கி உயிரணுக்களையும் அது விட்டுவைப்பதில்லை. கிருமியின் அகலம் அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அது சவ்வின்மேல் ஒட்டியதும் உயிரணு அதைத் தன் சவ்வாலேயே சுற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறது. இப்போது கிருமி ஒரு சிறு பைக்குள் இருக்கிறது. சாதாரணமாக இப்படி உள்ளே வந்த பை லைசோசோமோடு இணையும். லைசோசோமின் அமில நொதிகள் உள்ளே இருப்பதைக் கரைத்துவிடும். இந்தக் கிருமி அதற்கு இடம் கொடுப்பதில்லை. இணைப்பு நடப்பதற்குள் பையைக் கிழித்துக்கொண்டு சைட்டோபிளாசத்துக்குள் இறங்கிவிடுகிறது.

பிறகு ஒரு பயணம். உயிரணுவுக்குள் நுண்குழல்கள் என்ற நீண்ட இழைகள் உட்கருவின் பக்கத்திலிருந்து விளிம்புவரை ஓடுகின்றன. டைனீன் என்ற புரதம் அந்த இழைகளைப் பற்றிக்கொண்டு உட்கருவை நோக்கிப் பொருள்களை இழுத்துச்செல்லும். கிருமி அந்த டைனீனைப் பிடித்துக்கொண்டு உட்கருவின் ஓரத்துக்கு வந்து சேர்கிறது. அங்கேதான் இரண்டிரண்டாகப் பிளந்து பெருகுகிறது. சில நாள் கழித்து விளிம்புக்கு வந்து, உயிரணுவின் சவ்வையே மேலே போர்த்திக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளியே பிதுங்குகிறது. இதெல்லாம் நுரையீரலிலும் மூளையிலும் சிறுநீரகத்திலும் ஒரே நேரத்தில் நடந்தால் ரத்த நுண்குழாய்கள் கசியத் தொடங்கும். நோயாளி மூச்சுத் திணறுவதும் நினைவு தப்புவதும் அதனால்தான்.

ரத்தச் சொட்டில் இந்தக் கிருமி ஏன் தென்படவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, ரைபோசோம் இல்லை. எதையும் உள்ளிழுத்து விழுங்கும் ஆற்றலும் இல்லை. மலேரியா ஒட்டுண்ணி தானே தள்ளிக்கொண்டு நுழையக் கற்றிருக்கிறது. உள்ளே போய் ஹீமோகுளோபினைத் தின்று வாழ்கிறது. விழுங்கப்பட்டால்தான் உள்ளே போக முடியும் என்றிருக்கும் கிருமிக்குச் சிவப்பணு பயன்படாது.

ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. பர்மா எல்லையில் போரிட்ட இரு தரப்புப் படைகளும் புதர் டைஃபஸால் அவதிப்பட்டன. குணப்படுத்தும் மருந்து என்று எதுவும் இல்லை. அதிசய மருந்தாகப் புகழ்பெற்ற பெனிசிலின் இங்கே பலிக்கவில்லை. அது தாக்குவது பாக்டீரியாவின் புறச்சுவரை; இந்தக் கிருமியிடம் அந்தச் சுவர்ப்பொருள் மிகவும் சொற்பம். மேலும் அது ஒளிந்திருக்கும் உயிரணுவுக்குள் பெனிசிலின் சரியாகப் போய்ச் சேர்வதுமில்லை.

1947-இல் அமெரிக்காவில் ஒரு புதிய பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸுக்கு அருகே எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் ஒன்று அதைச் சுரந்தது. குளோரம்ஃபெனிகால் என்று பெயர். எலிக்கும் கோழி முட்டைக் கருவுக்கும் ரிக்கெட்சியாவை ஏற்றி மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஜோசஃப் ஸ்மேடல், மனிதர்களிடம் சோதிக்கத் தகுந்த ஊர் எதுவென்று தேடினார். ஆண்டு முழுவதும் நோயாளிகள் வரும் ஊர் வேண்டும். நோயைச் சந்தேகமறக் கண்டறியும் ஆய்வுக்கூடமும் அங்கே வேண்டும். இரண்டும் கோலாலம்பூரில் இருந்தன. 1948 மார்ச்சில் அவரும் தியோடர் உட்வர்டும் மற்றவர்களும் இங்கே வந்திறங்கினார்கள். லூத்வெய்ட்டும் சவூரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

முடிவு அந்த ஆண்டே சயன்ஸ் இதழில் வந்தது. மருந்து பெற்றவர்கள் 25 பேர், ஒருவரும் இறக்கவில்லை. முதல் வேளை மருந்து கொடுத்து ஒன்றரை நாள் வாக்கில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்து பெறாத 12 பேருக்குக் காய்ச்சல் சராசரியாக 18 நாள் நீடித்தது. மருந்து பெற்றவர்களுக்கு மொத்தக் காய்ச்சல் நாளே ஏழரைதான். வார்டில் நின்று பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நேற்றுவரை பிதற்றிக்கொண்டிருந்தவர் மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிறார். நாட்டில் அவசரகாலம் பிரகடனமான அதே ஆண்டில், அதே நகரத்தில் இது நடந்தது. அவசரகாலத்தைப் பற்றி நூறு புத்தகங்கள் இருக்கின்றன. இதைப் பற்றித் தமிழில் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

நடுவில் எதிர்பாராத ஒன்றும் நேர்ந்தது. புதர் டைஃபஸ் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கு உண்மையில் இருந்தது டைஃபாய்டு என்று பின்னர் தெரிந்தது. அவரும் தேறினார். அதுவரை டைஃபாய்டுக்கு மருந்தே கிடையாது. வாரக்கணக்கில் கிடந்து, குடல் ஓட்டையாகாமல் தப்பினால் பிழைப்பார்கள். உடனே டைஃபாய்டு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பத்து நோயாளிகளின் விவரத்தோடு வெளிவந்த அந்த முதல் கட்டுரையில் உட்வர்ட், ஸ்மேடல் பெயர்களோடு ஆர். கிரீன், டி. எஸ். மங்கிகர் என்ற மலாயா மருத்துவர்களின் பெயர்களும் இருக்கின்றன. டைஃபாய்டை மருந்தால் வெல்லலாம் என்று உலகத்துக்கு முதலில் காட்டிய நகரம் நம் கோலாலம்பூர்.

மருந்து நோயைத் தடுக்குமா என்ற அடுத்த கேள்விக்கு, கோலாலம்பூரை அடுத்த சீபோர்ட் தோட்டத்தில் விடை தேடினார்கள். சிற்றுண்ணி நிறைந்த புல்வெளியில் தன்னார்வலர்கள் போய் உட்கார்ந்து வேண்டுமென்றே கடிபட்டார்கள். மருந்து எடுத்துக்கொண்டிருந்தவரை நோய் தலைகாட்டவில்லை. சீக்கிரமே நிறுத்தியவர்களுக்குப் பிறகு வந்தது. ஆகவே மருந்து கிருமியைக் கொல்லவில்லை, அதன் வளர்ச்சியை நிறுத்தி மட்டும் வைக்கிறது. கிருமியைத் தீர்த்துக்கட்டுவது உடலின் எதிர்ப்புச் சக்திதான் என்று புரிந்தது.

எதை நிறுத்துகிறது? 1948-இல் இதற்கு விடை சொல்லக்கூடியவர் உலகத்தில் யாரும் இல்லை. விடைக்குரிய உறுப்பே இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. 1955-இல்தான் ஜார்ஜ் பலாடி மின்னணு உருப்பெருக்கியில் உயிரணுவுக்குள் அடர்ந்து கிடந்த நுண்ணிய மணிகளை விவரித்தார். அவையே பின்னர் ரைபோசோம் எனப்பட்டன. மரபுக் குறிப்பைப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதம் செய்வது அவற்றின் வேலை. எல்லா உயிரிலும் ரைபோசோம் உண்டு. ஆனால் பாக்டீரியாவின் ரைபோசோம் நம் சைட்டோபிளாசத்தில் இருப்பதைவிடச் சிறியது, அமைப்பிலும் வேறுபட்டது. குளோரம்ஃபெனிகால் பாக்டீரியா ரைபோசோமின் பெரிய துண்டில் போய்ப் பொருந்தி, அமினோ அமிலங்கள் இணையும் இடத்தையே அடைத்துவிடுகிறது. ஒரே சைட்டோபிளாசத்துக்குள் கிருமியின் ரைபோசோமும் இருக்கிறது, நம்முடையதும் இருக்கிறது. ஒன்று நின்றுபோகிறது, மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. 25 பேரும் பிழைத்தது இந்த வேறுபாட்டால்.

ஆனால் நம் உயிரணுவுக்குள் இன்னொரு வகை ரைபோசோமும் உண்டு. அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பது. உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைத் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி மரபுப்பொருளும் தனி ரைபோசோமும் இருக்கின்றன. இரண்டும் பாக்டீரியாவின் சாயல் கொண்டவை. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் வேறோர் உயிரணுவுக்குள் புகுந்து தங்கிவிட்ட பாக்டீரியாதான் மைட்டோகாண்ட்ரியாவாக மாறியது என்று 1967-இல் லின் மார்குலிஸ் வாதிட்டார். இன்று அது ஏற்கப்பட்ட உண்மை. அந்தப் பழைய பாக்டீரியா எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று மரபுப்பொருளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியா என்ற பெருங்குலத்தை ஒட்டியே விடை அமைந்தது. லாலான் புல்லில் நம்மவரைக் கடித்த உண்ணியின் கிருமியும் அதே குலம். நமக்கு மூச்சுவிட வலுத் தருவதும் நம் மூச்சை நிறுத்தப் பார்ப்பதும் தூரத்து உறவு. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை இவ்வளவு உலுக்கிய செய்தி வேறில்லை.

மருந்துக்கு இந்த உறவு வேறொரு விளைவையும் கொண்டுவந்தது. குளோரம்ஃபெனிகால் அதிக அளவில் போனால் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமையும் அடைக்கும். இடைவிடாமல் ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையில் அது முதலில் தெரியும். நிறுத்தினால் இது சரியாகிவிடும். ஆனால் ஆயிரக்கணக்கானவரில் ஒருவருக்கு என்ற அபூர்வக் கணக்கில், மஜ்ஜை அடியோடு பட்டுப்போகும் மீளாத நோயும் வந்தது. 1950-களில் இது தெரிந்தபின் மருந்தின் செல்வாக்குக் குறைந்தது. அதன் இடத்தை டெட்ராசைக்ளின் குடும்பம், குறிப்பாக டாக்ஸிசைக்ளின், பிடித்தது. அதுவும் ரைபோசோமைத்தான் தாக்குகிறது, சிறிய துண்டின் பக்கமிருந்து. அந்தச் சிறிய துண்டின் அணு அமைப்பை 2000-ஆம் ஆண்டில் தெளிவாக வரைந்து, டெட்ராசைக்ளின் எங்கே பொருந்துகிறது என்பதையும் காட்டிய கேம்பிரிட்ஜ் குழுவின் தலைவர், 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது நம் வீடுகளில் இனிப்பு வழங்கினோம். அவர் வரைந்து காட்டிய பொருளுக்கும் தோட்டப் பாட்டாளிகளின் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை அன்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

நோய் போய்விட்டதா? போகவில்லை. பகாங்கின் மெந்தக்காப் மருத்துவமனையில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட 1,629 பேரைச் சோதித்து 1984-இல் வெளியான ஆய்வில், 19.3 சதவீதம் பேருக்கு இருந்தது புதர் டைஃபஸ். தமிழ்நாட்டில் மழைக்காலம் முடியும் மாதங்களில் அது ஆண்டுதோறும் பரவுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் கடும் நோயாளிகள் 794 பேரிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் ஊசி வழியே சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு, ஏதாவது ஒன்றை மட்டும் பெற்றவர்களைவிடச் சிக்கல்கள் குறைந்தன. ஒன்று ரைபோசோமின் சிறிய துண்டை அடைக்கிறது, மற்றொன்று பெரிய துண்டை.

பிரிக்பீல்ட்ஸ் தொடங்கிக் கிள்ளான் வரை மருத்துவர் சீட்டோடு போனால் டாக்ஸிசைக்ளின் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். நோய் இன்னது என்று நேரத்தோடு தெரிந்தால் மட்டுமே அதனால் பயன். ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். புல்வெளிக்கோ காட்டுக்கோ செம்பனைத் தோட்டத்துக்கோ தமிழ்நாட்டுக் கிராமத்துக்கோ போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சல் கண்டால், எங்கே போய்வந்தார் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் நன்றாகத் தேடிப்பாருங்கள். கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் அதை அவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

(தொடரும்)